பி ஷிப்ட் இல்லாத சீசன்

அந்த வருஷம் நான் நன்றாக ஆடினேன். தன் ஆட்டத்தைப் பற்றித் தானே இப்படிச் சொல்லிக்கொள்வது அழகில்லைதான். ஆனால் அதற்கு முந்தைய வருஷம் ஆடிய லட்சணத்தையும் மறைக்காமல் சொல்லப்போகிறேன், அதனால் பரவாயில்லை.

நான் சொல்வது பூப்பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர், நடுவில் வலை, மஞ்சள் கம்பளி நூல் பந்து. பாலிடெக்னிக்கில் படிக்கும்போதே எனக்கு அதில் பைத்தியம். நெய்வேலியில் இரண்டு வருஷப் பயிற்சிக்கு ஆர்டர் வந்தபோது பெட்டியில் முதலில் வைத்தது பேட்டைத்தான். சட்டை வேட்டியெல்லாம் மிச்சமிருந்த இடத்தில் போயின.

என்னைப் போட்ட இடம் பம்ப் பிரிவு. சுரங்கத்தின் அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. சுற்றிலும் பெரிய பெரிய மோட்டார்களை வைத்து ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கீழே நிலக்கரி வெட்ட முடியும். அந்த மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிற பிரிவுக்கு ஒரு பூப்பந்து டீம் இருக்கிறது என்று வந்த முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். இரண்டாம் நாள் மைதானத்தில் நின்றேன். மோட்டாரைக் கிட்டப் போய்ப் பார்த்தது மூன்றாம் நாள்.

டீமுக்கு ஒரே விதி. பிரிவின் ஆள் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். பயிற்சிக்காரர்களும் சேர்த்திதான், ஆனால் பயிற்சி முடிகிற வரைக்கும்தான். முடிந்தபின் பயிற்சிக்கு வந்த எங்கள் எட்டுப் பேரில் யாரை வைத்துக்கொள்வார்கள், யாரை ஊருக்கு அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெர்மனென்ட் என்ற சொல்லை எல்லாரும் வேலைக்காகச் சொல்வார்கள். நான் அதைச் சொல்லும்போதெல்லாம் என் மனசில் வந்து நின்றது அந்தச் செம்மண் கோர்ட்டும், வலைக்குப் பக்கத்தில் இடது பக்கம் நான் நிற்கும் இடமும்தான்.

முதல் வருஷம் அந்த இடத்தில் நின்றுகொண்டு நான் செய்த அநியாயம் கொஞ்சமில்லை. கண்ணில் பட்ட பந்தையெல்லாம் அடித்தேன். வெளியே போகிற பந்தை எட்டி அடித்து எங்கள் பக்கமே விழவைத்து எதிரிக்குப் பாயிண்ட் வாங்கிக் கொடுத்தேன். எனக்குப் பின்னால் ஆடியவர் பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்காரர். என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவர், சுரங்கத்தில் கான்ட்ராக்டில் மண் வாரி, பிறகு எங்கள் பிரிவில் பெர்மனென்ட் ஆனவர். ஒருநாள் அவர் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையைக் கட்டி நின்றுவிட்டார்.

"ஏண்ணே நிக்கிறீங்க?" என்றேன்.

"அஞ்சு பேரு ஆட்டத்தையும் நீயே ஆடிகினு இருக்கியே தம்பி. நாங்க வேணும்னா வூட்டுக்குப் போய் ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டு வரட்டுமா?"

கேப்டன் மதுரைப் பக்கத்து ஆள், எங்கள் பிரிவுதான். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவருக்குக் கிண்டல் வராது, நேரே திட்டுதான். "ஒரு பந்தை விடுறதுக்கு ஒனக்கு என்னப்பா கஷ்டம்? ஒங்க அப்பன் வீட்டுச் சொத்தா போகுது?" என்பார்.

அந்த சீசனில் முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்தோம்.

இரண்டாம் வருஷம் எப்படி மாறியது என்றால், நான் தினமும் மைதானத்தில் இருந்தேன், அவ்வளவுதான். மந்திரம் ஒன்றுமில்லை. ஆனால் தினமும் இருப்பது லேசான காரியமில்லை. முதல் வருஷம் வகுப்பும் ஒர்க்‌ஷாப்பும், சாயங்காலம் ஆனால் விட்டுவிடுவார்கள். இரண்டாம் வருஷம் ஷிப்டில் போட்டார்கள். ஒரு வாரம் ஏ, ஒரு வாரம் பி, ஒரு வாரம் சி. ஏ ஷிப்ட் மதியம் இரண்டுக்கு முடிந்துவிடும். சி ஷிப்ட் ராத்திரி பத்துக்குத்தான் தொடங்கும். இடையில் இருக்கிற பி ஷிப்ட்தான் பூப்பந்தின் ஜென்ம விரோதி. மதியம் இரண்டிலிருந்து இரவு பத்துவரை. கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து, கோடு போட்டு, வலை கட்டி ஆடுகிற நேரம் முழுக்க அதன் வயிற்றுக்குள் போய்விடும்.

அதற்கு எங்கள் பிரிவில் ஒரு வழி வைத்திருந்தார்கள். மியூச்சுவல். ஒரு துண்டுச் சீட்டில் இன்னார் ஷிப்டை இன்னார் பார்க்கிறார் என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு போர்மேன் மேசையில் வைத்தால் முடிந்தது. வீட்டில் விசேஷம் என்றால் எல்லா இடத்திலும் இப்படி மாற்றிக்கொள்வார்கள். எங்கள் பிரிவில் டீமும் ஒரு விசேஷம். பேட்டைக் கையால் தொடாத ஆட்கள்கூட வந்து கேட்பார்கள்: "இந்த வாரம் ஒனக்கு பி தானே? குடு, நான் பார்த்துக்கறேன். பவர் ஹவுஸ்காரனுங்கள மட்டும் ஒரு தடவை அடிச்சுக் காட்டிடு." போர்மேனும் சீட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஆணியில் குத்துவார். சித்திரையிலிருந்து பங்குனிவரை எனக்கு வந்த பி ஷிப்ட் எல்லாவற்றையும் இப்படித்தான் யாராவது வாங்கிக்கொண்டு, தங்கள் ஏ ஷிப்டையோ சி ஷிப்டையோ எனக்குக் கொடுத்தார்கள். நான் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. எவ்வளவு அன்பான மனுஷர்கள் என்று பூரித்துப்போயிருந்தேன்.

ஆட்டம் வந்தது. முதலில் காது வந்தது என்று சொல்லவேண்டும். பின்னாலிருந்து வடக்குத்துக்காரர் "விடு" என்று சொல்லும்போது கை தானாக நின்றது. அப்புறம் அவர் சொல்வதற்கு முன்பே எது என் பந்து, எது அவர் பந்து என்று தெரிய ஆரம்பித்தது. என் பந்து என்று தெரிந்தால் வலை ஓரமாக வெட்டிப் போடுவேன். எதிராளி குனிவதற்குள் அது மண்ணில் உட்கார்ந்திருக்கும். பொங்கல் கழிந்து பவர் ஹவுஸை ஜெயித்தோம். குவார்ட்டர்ஸிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு ஜனங்கள் வந்து கோர்ட்டைச் சுற்றி நிற்க ஆரம்பித்தார்கள். கடையில் டீ குடிக்கும்போது முகம் தெரியாத ஆள், "இவருதான் முன்னால ஆடுறவரு" என்று பக்கத்து ஆளிடம் சொன்னது காதில் விழுந்தது. அந்த டீயை வேண்டுமென்றே மெதுவாகக் குடித்தேன்.

பங்குனியில் வடலூரில் ஒரு டோர்னமெண்ட். கடைசி ஆட்டத்தில் கடலூர்க்காரர்கள் எதிரே. மூன்றாவது கேம், இருபத்தேழுக்கு இருபத்தேழு. இரண்டு பாயிண்ட் எடுக்கிறவன் கோப்பையைத் தூக்குவான். என் தலைக்கு மேலே ஒரு பந்து தொங்கிக்கொண்டு வந்தது. போன வருஷமாக இருந்தால் குதித்திருப்பேன். நான் குனிந்துகொண்டேன். பின்னாலிருந்து வடக்குத்துக்காரர் அடித்த அடி எதிர்ப்பக்கம் இரண்டு பேருக்கு நடுவில் இறங்கியது. அடுத்த பந்து எனக்கு வந்தது. வெட்டிப் போட்டேன். அவ்வளவுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் கோப்பை வடக்குத்துக்காரர் மடியில். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டு வம்பு பண்ணினார். கேப்டனுக்கு அன்றைக்கு வாய் ஓயவில்லை. "அடுத்த வருஷம் கடலூருக்கே போய் ஆடுறோம். முன்னால வலது பக்கம் நான், இடது பக்கம்..." என்று என்னைப் பார்த்தார். பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். என் பயிற்சி முடிய அப்போது இரண்டு வாரம்தான் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, "காத்து நல்லா வருது" என்றார்.

இண்டர்வியூவில் மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி என்னைப் பார்த்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வடலூர் பைனல் பார்த்தேன்யா. முன்னால நின்னது நீதானே?"

"ஆமாம் சார்."

"பிரமாதம்."

வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அவர் என் பயிற்சி அட்டையைத் திருப்பினார். அதில் ஏ, பி, சி என்று மூன்று கட்டம் உண்டு. எந்த ஷிப்டில் எத்தனை வாரம் என்று போர்மேன் குறித்துக் கையெழுத்துப் போடவேண்டும். நடுக்கட்டம் வெள்ளையாக இருந்தது.

"சாயங்காலம் ஊரெல்லாம் லைட் போடுறப்ப வோல்டேஜ் இறங்கி மோட்டார் ஒண்ணொண்ணா நின்னுபோகுது. திருப்பி எதை முதல்ல ஸ்டார்ட் பண்ணி எடுப்பே?"

எனக்குத் தெரியவில்லை. ஊரெல்லாம் லைட் போடுகிற அந்த நேரத்தில் நான் ஒருநாள்கூட மோட்டார் பக்கத்தில் இருந்ததில்லை. வலையைச் சுருட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். ஏதோ உளறினேன். பெரிய மோட்டாரை முதலில் எடுப்பேன் என்றேன். போர்மேன் ஓரமாக நின்றிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பாவம், சீட்டுகளை ஆணியில் குத்தியவர் அவர்தான். அந்த வெள்ளைக் கட்டம் ஞாபகத்துக்கு வராமல் போனது எங்கள் பிரிவு மொத்தத்துக்கும்தான். எங்கள் எல்லாருக்கும் கோர்ட் ஞாபகம்.

"பெரிசை முதல்ல எடுத்தா, அது இழுக்கிற கரண்ட்ல மிச்சமிருக்கிறதும் படுத்துக்கும்" என்றார் அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆறு மாதம் நீட்டிப்பு கொடுத்தார்கள். ஆறு மாதமும் பி ஷிப்ட் மட்டும். அதன் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

கேப்டன் அன்றைக்கே சீட்டோடு வந்துவிட்டார். ஒருவர் கையெழுத்தும் வாங்கி வந்திருந்தார். "வாரத்துல ரெண்டு நாள் போதும்பா. சாயங்காலம் மட்டும் அந்தாளு பார்த்துக்குவான். யாருக்குத் தெரியப்போகுது?"

வடக்குத்துக்காரருக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. "இன்னா கேப்டன் பேசிகினு இருக்கற? திருப்பியும் அதே சீட்டா? கான்ட்ராக்ட்ல அஞ்சு வருசம் மண்ணு வாரிகினு கெடந்தவன் நானு. பெர்மனென்டுன்னா இன்னான்னு என்னைக் கேளு."

"அப்ப முன்னால யாரு நிப்பா? நீ நிப்பியா?"

"தோத்துட்டுப் போவோம். குடியா முழுகிடும்?"

இருவரும் என்னை வைத்துக்கொண்டே சண்டை போட்டார்கள். பேனா என் கையில்தான் இருந்தது. கையெழுத்துப் போடவேண்டும் என்று எனக்கு இருந்த ஆசையை இப்போதும் சொல்லி மாளாது. பேனாவை மூடிவிட்டு, "வேற ஆள் பாருங்கண்ணே" என்றேன். கேப்டன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

சித்திரையிலிருந்து தினமும் மதியம் இரண்டு மணிக்கு டிபன் பெட்டியோடு போனேன். வேலை பிடிபட்டுவிட்டது. எந்த மோட்டார் எந்தச் சத்தம் போட்டால் நிற்கப்போகிறது என்று இரண்டே மாதத்தில் தெரிந்தது. ஆனால் நாலரை மணி ஆனால் உடம்பு தானாக எழுந்து நிற்கும். இப்போது தண்ணீர் தெளிப்பார்கள். இப்போது சுண்ணாம்பு. இப்போது முதல் சர்வீஸ். மோட்டார் இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது, மூன்று மைலுக்கு அப்பால் பந்து படுகிற சத்தம் எங்கே கேட்கும்? ஆனாலும் குவார்ட்டர்ஸ் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பேன். செம்மண் மேடும் முந்திரி மரங்களும்தான் தெரியும்.

வடக்குத்துக்காரருக்கு ஏ ஷிப்ட் வருகிற வாரங்களில் அவரிடமிருந்துதான் நான் வேலையை வாங்கிக்கொள்வேன். லாக் புத்தகத்தை நீட்டும்போதே முந்தின நாள் ஆட்டத்தையும் ஒப்பிப்பார். என் இடத்தில் எங்கள் பிரிவின் ஸ்டோர்ஸ் கிளார்க் ஒருவரைப் போட்டிருந்தார்கள்.

"நேத்து தோத்துட்டோம் தம்பி. அந்தாளு வலையிலேயே அடிச்சுகினு இருக்கறான்."

"அடடா" என்பேன். உள்ளுக்குள் இனிக்கும். வெட்கமாக இருக்கும், ஆனாலும் இனிக்கும்.

ஆடி மாதம் வாக்கில் அந்தச் சேதி மாறியது. "பரவால்ல, ஆடறான்" என்றார். அப்புறம், "நேத்து ஒண்ணு வெட்டிப் போட்டான் பாரு, ஒன்னாட்டமே" என்றார். அதற்கப்புறம் ஆட்டத்தைப் பற்றி நான் கேட்டால்தான் சொல்வார். நான் கேட்காமல் இருந்து பார்த்தேன், இரண்டு நாள்கூட முடியவில்லை.

புரட்டாசியில் மறுபடி கூப்பிட்டார்கள். கேட்டதற்கெல்லாம் சொன்னேன். ஆர்டர் வந்தது. பெர்மனென்ட். அன்றைக்கு எனக்கு வார விடுமுறை. ஆர்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஊருக்குத் தந்தி கொடுக்கவேண்டும் என்பதைக்கூட மறந்து, நேரே மைதானத்துக்குச் சைக்கிளை விட்டேன். பேட் கேரியரில்.

வடக்குத்துக்காரர் ஓடிவந்து கட்டிப்பிடித்துத் தூக்கினார். கேப்டன் ஆர்டரை இரண்டு தடவை படித்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இந்த சீசனுக்குப் பேர் குடுத்தாச்சுப்பா. போன வாரம்தான்" என்றார்.

"பரவாயில்லைண்ணே" என்றேன்.

ஸ்டோர்ஸ் கிளார்க் நல்ல மனுஷர். தானாகவே நகர்ந்து, "வாங்க, இங்க நில்லுங்க" என்றார். நின்றேன். அதே இடம். முதல் பந்து வந்தது, பேட்டின் விளிம்பில் பட்டு வெளியே போனது. அடுத்ததற்கு எட்டினேன். அது வடக்குத்துக்காரரின் பந்து, இரண்டு பேட்டும் இடித்துக்கொண்டன. முன்பு என்றால் கேப்டன் என் அப்பாவை இழுத்திருப்பார். இப்போது திட்டவில்லை. "ஆறு மாசமாச்சில்ல, கை மறந்திருக்கும்" என்றார் மரியாதையாக. அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

இரண்டு கேம் ஆடிவிட்டு இடத்தைக் கிளார்க்கிடமே கொடுத்தேன். ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் ஆடினார்.

"அடுத்த வருஷம்?" என்று கேப்டனிடம் கேட்டேன்.

"ஆடிக் காட்டு. பார்க்கலாம்."

மற்றவர்கள் பேட்டை உறையில் போட்டார்கள். கிளார்க் வலையின் ஒரு முனையை அவிழ்க்கப் போனார். நான் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரே ஒரு கேம்ண்ணே" என்றேன் கேப்டனிடம்.

"இருட்டிடுச்சே. பந்து தெரியலையேப்பா."

"எனக்குத் தெரியுது" என்றேன்.