ஓட்டில்லாத சந்தில் ஓட்டுக் கேட்டவள்

என் மனைவியோடு தில்லியில் நடந்து போவது லேசான காரியமில்லை. காலி மனை ஒன்று கண்ணில் பட்டால் போதும், காய்கறிப் பையோடு அங்கேயே நின்றுவிடுவாள். இது தபாலாபீசுக்கு விட்ட இடம், இப்போது மிட்டாய்க் கடை; அது பூங்கா, எவனோ சுவர் வைத்துக்கொண்டான் என்று ஜாதகம் சொல்வாள். எந்த நிலம் எதற்கு என்று வரைபடத்தில் தீர்மானிக்கும் நகரமைப்பு உத்தியோகம். ஓய்வு பெறும் வரை அதைத்தான் செய்தாள். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

எங்கள் காலனியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் அப்படியொரு மனை உண்டு. வரைபடத்தில் அது நர்சரிப் பள்ளிக்கான இடம். நடப்பில் எல்லோரும் கார் நிறுத்துகிறோம். எங்கள் காரும் அங்கேதான் நின்றது. ஒருநாள் அதை நிரந்தரமாக வாகன நிறுத்தமாக மாற்றப்போவதாகவும், ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதித் தரலாம் என்றும் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. அன்று மாலையே அவள் எங்கள் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு, ஆட்சேபம் எழுத உட்கார்ந்தாள். இத்தனை காலம் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்து மற்றவர்களின் ஆட்சேபங்களைக் கேட்டவள். ஒற்றை ஆளின் காகிதம் கோப்பில் எங்கே போய்ப் படுக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா?

அந்த நேரம் பார்த்து எங்கள் வார்டு கவுன்சிலர் பதவி காலியாகி, இடைத்தேர்தல் வந்தது. சுயேச்சையாக நிற்கிறேன் என்றாள். கவுன்சிலராகப் போய்ச் சொன்னால் அந்த மனைக்காகக் காது கொடுத்துக் கேட்பார்கள் என்பது அவள் கணக்கு. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஏணிச் சின்னம் கிடைத்தது.

பிரச்சாரத்தில் அவளுக்குப் பின்னால் துண்டுப் பிரசுரக் கட்டைச் சுமந்தவன் நான்தான். மற்ற வேட்பாளர்களிடம் எதைக் கேட்டாலும் ‘ஹோ ஜாயேகா’ என்பார்கள். சாக்கடையா, ஆகிவிடும். லிஃப்டா, ஆகிவிடும். கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். தேர்தலுக்கு அதுவே தாராளம். இவளோ எதைக் கேட்டாலும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பாள். சொன்னபடி மறுநாள் காலையில் டேப்போடு போய் நிற்கவும் செய்வாள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பதை இவ்வளவு நேராக எடுத்துக்கொண்ட பிறவியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்தார். நல்ல மனிதர், கார் நிறுத்த இடமில்லாமல் தினமும் அக்கம்பக்கத்தாரோடு மல்லுக்கட்டுபவர். பார்க்கிங்குக்கு ஆதரவு என்று ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் பிளாக் ஓட்டு முழுவதும் ஏணிக்குத்தான் என்றார். அவள் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, “வோ பச்சோன் கீ ஜகஹ் ஹை, பாயி சாஹப்,” என்றாள். அது குழந்தைகளின் இடம் என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அவர் பிஸ்கட்டைத் தொடாமல் எழுந்து போனார்.

அதைவிடப் பெரிய கூத்து பின்சந்தில் நடந்தது. ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பை இடித்தபோது மாற்று வீடு கிடைத்தவர்கள் நகரின் கோடியில் உள்ள நரேலாவுக்குப் போனார்கள். கிடைக்காதவர்களில் சிலர் எங்கள் காலனியை ஒட்டிய சந்தில் ஒற்றை அறைகளை வாடகைக்கு எடுத்தார்கள். பெண்கள் வீட்டுவேலைக்குப் போகிறவர்கள். சின்னக் குழந்தைகளை அறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியைப் பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போவார்கள். வாக்காளர் பட்டியலில் இவர்கள் பெயரெல்லாம் பழைய முகவரியில் இருக்கிறது. எங்கள் வார்டில் ஒருவருக்கும் ஓட்டு கிடையாது. இவளோ பிரச்சாரத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்தச் சந்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவரின் ஆட்சேபத்தையும் கேட்டு எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். தேர்தலில் நிற்கிற எவரும் செய்யாத தப்பு இது. எனக்கு வந்த கோபத்தில் பிரசுரக் கட்டைக் கீழே போட்டுவிட்டு, ஓட்டே இல்லாத இடத்தில் என்ன வேலை என்று கத்திவிட்டேன்.

“ஓட்டு இல்லன்னா என்ன, ஆளுக இருக்காங்கல்லா?” என்றாள். தில்லிக்கு வந்து எத்தனையோ காலமாகியும் கோபம் வந்தால் அவளுக்குத் திருநெல்வேலிதான் வரும். “நான் தலையை எண்ணிப் பிளான் போட்டவ. ஓட்டை எண்ணி இல்ல.”

தோற்றாள். சுமாராகத் தோற்றாள் என்று சொல்லவும் வழியில்லை. எங்கள் பிளாக்கே கைவிட்டிருந்தது. வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, ஆட்சேப விசாரணைக்கான காகிதங்களை எடுத்து அடுக்கினாள். சந்துப் பெண்கள் வருவார்களா என்று கேட்டேன். அரைநாள் லீவு கேட்டாலே வேலை போய்விடும், வரமாட்டார்கள் என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

விசாரணை அறையில் செயலாளர் பார்க்கிங் ஆட்களோடு முன்வரிசையில் இருந்தார். தலைமை அதிகாரி ஒரு காலத்தில் இவளிடம் வேலை பழகியவர். இவளைக் கண்டதும் பாதி எழுந்தார். உட்காருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, தன் ஆட்சேபத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். பிறகு அவர் சந்துக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். பதிலில்லை. வரவில்லை என்று குறிக்கப் பேனாவைத் திறந்தார். அவள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கதவு திறந்தது. புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட பெண்கள், இடுப்பில் பிள்ளைகள். வாசல் காவலாளி உள்ளே விடமாட்டேன் என்றதால் அதுவரை அங்கே தகராறு. செயலாளர் எழுந்து, இவர்கள் இந்த வார்டு வாக்காளர்களே இல்லை என்றார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

“யே சுனாவ் நஹீ ஹை,” என்றார். இது தேர்தல் இல்லை. சந்துக்காரர்களின் பெயர்களை மறுபடியும் முதலிலிருந்து கூப்பிட்டார்.

பெண்களில் ஒருத்தி, தில்லியில் பிறந்தவள், தெளிவான ஹிந்தியில் பேசினாள். தான் வேலை முடித்து வரும்வரை மகள் பூட்டிய அறைக்குள் இருப்பதையும், அந்த அறையின் ஜன்னல் அந்த மனையைப் பார்த்தே இருப்பதையும் சொன்னாள். செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். நேரில் போய் இடத்தைப் பார்க்காமல் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அதிகாரி அறிவித்தார். அதை யாரிடம் கற்றார் என்பது எனக்குத் தெரியும். எனக்கு வந்த பெருமையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பிறகு அவர் இடத்தைப் பார்த்தார். மனை நர்சரிப் பள்ளிக்கே இருக்கட்டும் என்று எழுதினார். கட்டடம் இன்னும் வரவில்லை, அது வேறு கதை.

விசாரணை நடந்த அன்று வெளியே வந்ததும், ஹிந்தியில் பேசிய அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஓட்டுதான் போட முடிலம்மா,” என்றாள். “ஆனா உள்ள எங்க பேரச் சொல்லிக் கூப்ட்டாங்க.”

என் மனைவி அந்தப் பெண்ணின் இடுப்பிலிருந்த பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டாள். காவலாளி என்னைப் பார்த்து நீங்கள் யார் என்றான். ஏணிச் சின்னத்தில் நின்றார்களே, அவர்களுடைய வீட்டுக்காரர் என்றேன். அவன் கேட்காமலே, தோற்றுவிட்டார்கள் என்பதையும் சொன்னேன்.