புது காரின் வாடை

போன ஆடி மாதம், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரு கார் ஷோரூமில் நடந்தது இது. ஆடியில் வண்டி எடுக்கக் கூடாது, ஆனால் போய்ப் பார்க்கலாம், ஓட்டிப் பார்க்கலாம், ஆவணி பிறந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் பேசி வைத்திருந்தோம். நான் ராயபுரத்துக்காரி. முப்பத்தெட்டு வருஷம் காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றவள். இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மருமகள் பிழை பார்த்துத் தந்தாள். ஒரு இடம் வந்ததும், "இத எழுத வேணாம் அத்த" என்றாள். அதைத்தான் எழுத வேண்டும் என்றேன்.

எங்கள் பக்கத்தில் ரோடு என்றால் பாதி ரோடு கன்டெய்னர் லாரிக்குச் சொந்தம். ஹார்பருக்குள் போக வரிசை கட்டி நிற்கும். அந்த லாரிகளுக்கு நடுவில் இருக்கும் சந்தில்தான் மருமகள் ஸ்கூட்டரில் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். சித்திரையில் ஒரு நாள் ஸ்கூட்டர் சறுக்கி, பேத்தி லாரிச் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தாள். முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. அன்றைக்கே மகன் சொல்லிவிட்டான். "சின்ன காரா இருந்தாலும் பரவால்ல, சுத்தி நாலு பக்கமும் தகரம் கீற மாதிரி ஒண்ணு எடுத்துடலாம்." மருமகள் டிரைவிங் கற்றுக்கொண்டாள். மகன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். கார் பார்க்கப் போன அன்றைக்கு அவன் கடலில் இருந்தான். மருமகள், ஏழு வயசுப் பேத்தி, நான், மூன்று பேர்தான் போனோம்.

வெளியே எங்கே கிளம்பினாலும் நான் இரண்டு தடவை குளிப்பேன். வியாபாரத்தை விட்டு ஆறு வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. எலுமிச்சம்பழத் தோலால் விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, பவுடர் போட்டு, பூ வைத்துக்கொண்டுதான் வாசல் தாண்டுவேன். காரணம் இருக்கிறது. கூடைக்காரியாக பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் பின்னால் போ என்பார். பக்கத்தில் இருக்கிறவர்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். வாடை, வாடை, வாடை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவள் நான். ஆனால் ஒரு நாளும் வாயை மூடிக்கொண்டு இறங்கியதில்லை. சொன்னவர் காது கூசும்படி நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

ஷோரூமில் எங்களுக்கு வண்டி காட்ட ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். நீலச் சட்டை, இறுக்கிப் பின்னின ஜடை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்று அவளே சொன்னாள். வண்டியின் கதவைத் திறந்து, மூடி, சீட்டை மடக்கி எல்லாம் காட்டினாள். எனக்கு அதெல்லாம் புரியவில்லை.

"டிக்கில ஐஸ் பொட்டி புடிக்குமாம்மா?" என்று கேட்டேன்.

"ரெண்டு புடிக்கும்மா. ஆனா பெரிய வஞ்சிரமா இருந்தா வாலை மடக்கித்தான் வெக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல பெண்தான் என்று நினைத்துக்கொண்டேன். என் முட்டி மடங்காது. பின் சீட்டில் ஏறும்போது அவள்தான் இடுப்பில் ஒரு கை கொடுத்து, என் காலைத் தானே தூக்கி உள்ளே வைத்தாள்.

மருமகள் ஓட்ட, அந்தப் பெண் பக்கத்தில் உட்கார, பேத்தியும் நானும் பின்னால். கேட்டைத் தாண்டினதும் வண்டி இரண்டு தடவை நின்றுபோனது. பின்னாலிருந்து ஒரு லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். மருமகள் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தாள்.

"பதறாதீங்கக்கா. அடிக்கட்டும். அவன் கை வலிச்சா அவனே வுட்டுடுவான். நீங்க கிளட்சை மெதுவா வுடுங்க" என்றாள் அந்தப் பெண். வண்டி நகர்ந்தது.

எண்ணூர்ப் பக்கம் போனோம். லாரிப் புழுதிக்காகக் கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டிருந்தார்கள். சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றவில்லை. வலது கைப்பக்கம் கல் கொட்டின கரைக்கு அந்தாண்டை கடல் தெரிந்தது. மகன் படகு எந்தத் திசையில் இருக்கும் என்று அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு இடது காது மந்தம். வண்டிக்குள் யார் என்ன பேசினார்கள் என்று கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது, முன் சீட்டிலிருந்து அந்தப் பெண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை மூக்கண்டை கொண்டுபோய், மருமகளிடம் மெதுவாகச் சொன்னாள்.

"யக்கா, வாடை ஒத்துக்கல போல. கண்ணாடிய எறக்கிடட்டா?"

மருமகள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "எறக்கும்மா" என்றாள். கண்ணாடி இறங்கியது.

இரண்டு தடவை குளித்தேன். பூ வைத்தேன். ஆறு வருஷமாகக் கூடையைத் தொடவில்லை. காருக்குள்ளேயுமா? அதற்கப்புறம் அவள் பேசினது ஒன்றும் என் காதில் விழவில்லை. ஷோரூம் வந்ததும் நானே கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். அவள் கை கொடுக்க வந்தாள். தட்டிவிட்டேன்.

உள்ளே பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். நடுக்கூடத்தில் நின்றுகொண்டு கேட்டேன்.

"இன்னாம்மா, இன்னா வாடை உனுக்கு? நீ மீனு துன்றதே இல்லயா? துன்னும்போது வராத வாடை, வித்தவ பின்னாடி குந்துனா வந்துடுச்சா? நீலச் சட்டை போட்டுக்கினா நீ மேல, நாங்கல்லாம் கலீஜா?"

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. "இல்லம்மா, நான்..." என்று ஆரம்பித்தாள்.

"இன்னா இல்ல? என் காதால கேட்டேன்டி நானு!"

"அத்த, அந்தப் பொண்ணு இன்னா சொல்ல வருதுன்னா..." என்று மருமகள் என் கையைப் பிடித்தாள்.

"நீ சும்மா இரு. உனுக்கு ஒண்ணும் தெரியாது."

கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் ஓடி வந்தார். கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அவளை எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவள் ஒரு நிமிஷம் என் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்திருந்த பேத்தியைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்து, "சாரிம்மா" என்றாள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆட்டோவில் ஏறி டோல்கேட் தாண்டியிருக்க மாட்டோம். பேத்தி அழ ஆரம்பித்தாள். என்ன என்று கேட்டால் சொல்லவில்லை. மருமகள் மடியில் இழுத்து வைத்துக் கேட்டபிறகு சொன்னாள்.

"நான்தாம்மா அந்த அக்கா கிட்ட சொன்னேன். புது காரு வாடை ஒரு மாதிரியா கீது, வாந்தி வருதுன்னு. ஆயா திட்டும், சொல்லாதீங்கன்னு அவங்க காதுல சொன்னேன்."

மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். "அத்த, வண்டிய திருப்பச் சொல்லட்டா?"

அந்த நிமிஷம் திருப்பியிருக்கலாம். பத்து நிமிஷத் தூரம். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்தும் சொன்னேன், "ஒண்ணும் வேணாம், போவட்டும். அப்டியே இருந்தாலும் கஸ்டமரு முன்னால வாடைன்னு பேசலாமா?" குழந்தையையும் அதட்டினேன். என் வாழ்க்கையில் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. என்னைவிடச் சின்னப் பெண்ணிடம், அத்தனை பேர் பார்க்கக் கத்தின இடத்திலேயே போய் எப்படி நிற்பது?

மருமகள் எழுத வேண்டாம் என்று சொன்ன இடம் இனிமேல்தான். உண்மை தெரிந்த பிற்பாடும், அந்தக் கதையை நான் ஊரெல்லாம் சொன்னேன். மார்க்கெட்டில் பழைய சிநேகிதிகளிடம், ரேஷன் கடையில், கோயில் வாசலில். "ஏசி ரூம்ல வெச்சே கேட்டேன், வாயத் தொறக்கலையே அவ" என்று சொல்வேன். "நீ வுடுவியா?" என்று அவர்கள் சிரிப்பார்கள். பேத்தி பக்கத்தில் இருந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அவள் முகத்தைப் பார்க்காமலே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் நம்பர் மருமகள் போனில் இருந்தது. இரண்டு தடவை பேசட்டுமா என்று கேட்டாள். நான்தான் விடவில்லை.

பன்னிரண்டாம் நாளோ என்னவோ, ஷோரூமிலிருந்து போன் வந்தது. ஓர் ஆண் குரல். எப்போது புக் பண்ணுகிறீர்கள் என்று கேட்டான். எனக்கும் கேட்கட்டும் என்று மருமகள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "அன்னிக்கு வந்த பொண்ணு இல்லியா?" என்று கேட்டாள்.

"அவங்கள அன்னிக்கே நிறுத்திட்டோம் மேடம். அம்மா கிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே தண்ணீரில் நின்றுவிட்டது. சந்தோஷப்படுவாங்களாம். எனக்கு ஒரு பரிசு கொடுத்த மாதிரி சொன்னான்.

அன்றைக்குச் சாயங்காலமே அவளுக்குப் போன் போடச் சொன்னேன். மூன்றாவது தடவைதான் எடுத்தாள். தப்பு என்னுடையது, நானே ஷோரூமில் வந்து சொல்கிறேன், உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றேன்.

"அங்க நான் போவ மாட்டேன்மா. ஒரு வார்த்த என்னைக் கேக்காதவங்க கிட்ட மறுபடி போயி இன்னா? வேற வேலை பாத்துக்குவேன்." அப்புறம் குரல் இறங்கிப்போனது. "எங்கம்மா கிட்ட மட்டும் வந்து சொல்ல முடியுமா? பத்து நாளா அது என் கூடப் பேசல."

அவர்கள் வீடு புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஒரு படிக்கு ஒரு தடவை நின்று நின்று ஏறினேன். மருமகள் கையைப் பிடிக்க வந்தாள், வேண்டாம் என்றேன். வலிக்கட்டும் என்றிருந்தது.

கதவு திறந்தே இருந்தது. வாசலை ஒட்டி, என்னைவிடப் பத்து வயசு சின்ன ஒரு பெண்பிள்ளை பெரிய அலுமினிய அன்னக்கூடையில் ஆட்டுக்குடலைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆடு அறுக்கிற ஆடுதொட்டியில் எடுத்துவந்து, சுத்தம் பண்ணி, தெருமுனையில் விற்கிறவள். பெண்ணின் அம்மா. நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. யாரோ பெரிய மனுஷி படியேறி வந்திருக்கிறாள் என்று பதறிப்போய் எழுந்தாள். ஈரக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"வாங்கம்மா. உள்ள வாடையா கீது, உங்களால குந்த முடியாது. இருங்க, வெளியவே சேர் போடறேன்."

மூன்று மாடி ஏறினபோது வராத அழுகை அப்போது வந்தது. நான் சேரில் உட்காரவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு அந்த அன்னக்கூடைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன்.

"உன் பொண்ணு வாடைன்னு சொன்னான்னு நாலு பேரு முன்னால கத்துனவ நாந்தாம்மா. அவ என்னிய சொல்லல. என் பேத்திக்கு கார் வாடை ஒத்துக்கல, அதுக்காவத்தான் சொன்னா. எனுக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் வரல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"நம்மள எத்தினி பேரு சொல்லிக்கீறாங்க, நீயே இன்னொருத்திய அப்டி சொல்லிட்டியேன்னுதான்டி நான் பேசல. நீ ஏன்டி என்கிட்ட சொல்லல?"

அந்தப் பெண் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"சொன்னேம்மா. அவங்களும் கேக்கல, நீயும் கேக்கல."

நாங்கள் இரண்டு கிழவிகளும் தலையைக் குனிந்துகொண்டோம். அவள் உள்ளே போய் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அம்மாவுக்கும் ஒரு டம்ளர் வைத்தாள். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

மறுநாள் ஷோரூமுக்குப் போய், அதே கூடத்தில், அதே குரலில் தப்பு என்னுடையது என்று சொன்னேன். மேனேஜர் தலையை ஆட்டினார், சேரைக் காட்டினார், எந்தக் கலர் வேண்டும் என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டோம். ஆவணியில் கார் வேறு இடத்தில் எடுத்தோம். எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஒரு மாதம் ஓட்டினாள் மருமகள். பேத்தியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், அவள் வெட்கப்பட்டு ஓடிவிட்டாள். அந்தப் பெண் இப்போது எம்.கே.பி. நகர்ப் பக்கம் பெண்களுக்கு டிரைவிங் கற்றுத் தருகிறாள் என்று மருமகள் சொன்னாள். என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கிளம்பும்போது படியிறங்கக் கை கொடுத்தாள், அவ்வளவுதான். அதை மன்னிப்பு என்று நானாக எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

மார்க்கெட்டில் என் பெருமைக் கதையைக் கேட்டுச் சிரித்தவர்களிடம் ஒவ்வொருத்தியாகப் போய் மீதிக் கதையையும் சொல்லி வருகிறேன். யாரும் சிரிப்பதில்லை. முப்பத்தெட்டு வருஷம் பிறத்தியார் முகத்தில் சுளிப்பைத் தேடித் தேடிப் பழகின கண், சுளிக்காத ஒரு முகத்திலும் அதைப் பார்த்துவிட்டது. அதனால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்போது, எதிரே நிற்கிறவரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் என் கண்ணைத்தான் சந்தேகப்படுகிறேன்.