கருப்பையாவின் சாமி பைரவர் இல்லை

கருப்பையா போய்விட்டான்.

திங்கட்கிழமை காலை, நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அன்று மத்தியானமே எரித்துவிட்டோம்.

அறந்தாங்கிப் பக்கம் துக்க வீட்டுக்கு எங்கள் வாடகைக் கடையிலிருந்து ஐஸ் பெட்டி எடுத்தவர்களுக்கு அவனைத் தெரியும். குட்டியானை வண்டியில் வந்து பெட்டியை இறக்குவானே... அவன்தான்.

நாற்பது பிளாஸ்டிக் சேரை வைத்து நான் ஆரம்பித்த கடை இது. பிறகு சாமியானா, அதற்குப் பிறகு ஐஸ் பெட்டி. பெட்டி வாங்கிவிட்டேனே ஒழிய, அதைத் தூக்க ஆள் வரவில்லை. பிணம் கிடந்த பெட்டி என்று பயம்.

அப்போதுதான் கருப்பையா குவைத்திலிருந்து வந்தான். அங்கே ஒரு ஆஸ்பத்திரி மார்ச்சுவரியில் கிளீனிங் வேலை பார்த்தவன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வண்டி டேஷ்போர்டில் ஒரு பொம்மையை வைத்தான். கட்டை விரல் உயரம், கறுப்பு. மனுஷ உடம்பு, நாய் முகம், நட்டுக்கொண்டு நிற்கிற காது.

"என்னப்பா இது, நாயி?"

"சாமிண்ணே. எகிப்து சாமி. அனுபிஸ்னு பேரு. செத்தவுகளக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறவரு."

மார்ச்சுவரியில் சேர்ந்த புதிதில் பயத்தில் இவனுக்குச் சோறு இறங்கவில்லையாம். கூட வேலை பார்த்த எகிப்துக்காரர் ஊருக்குப் போய் வரும்போது இதை வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். அவர் அஞ்சு வேளை தொழுகிறவர். அவருக்கு இது டூரிஸ்ட் கடைப் பொம்மை.

"எனக்கு அப்படி இல்லண்ணே. அன்னைக்கு ராத்திரிதான் நல்லாத் தூங்குனேன்."

தினமும் காலையில் முதல் டீ அவருக்கு. டேஷ்போர்டில் ஆறிக் கிடக்கும். ஆறின பிறகு இவன் குடிப்பான்.

டீக்கடையில் ஒருத்தர் கேட்டார், "ஏ கருப்பையா, ஒன் சாமிக்கு ஒரு எலும்பு வாங்கிப் போடக் கூடாதா?"

"அவரு என்ன சாப்பிடுவாருன்னு எனக்குத் தெரியாதுங்க. ஒங்களக் கூப்பிட வரும்போது நீங்களே கேட்டுக்கங்க."

கடையே சிரித்தது. கேட்டவர் மட்டும் சிரிக்கவில்லை.

துக்க வீட்டில் உடம்பைப் பெட்டிக்குள் வைத்ததும் மூடியை உடனே மூட மாட்டான். குனிந்து காதுக்குப் பக்கத்தில் ஏதோ சொல்வான். ஒரு தடவை பக்கத்தில் நின்றபோது கேட்டது.

"பயப்படாதீங்க. கூட ஒருத்தர் வாராரு. அவரு கைய விட்டுறாதீங்க."

அதற்குப் பிறகுதான் பிளக்கைச் சொருகுவான்.

ஒரு பெரிய வீட்டில் சத்தம் போட்டுவிட்டார்கள். சாவு வீட்டுக்கு நாய் பொம்மை வைத்த வண்டியா என்று. பெட்டியைத் திருப்பி அனுப்பி வேறு கடையில் எடுத்தார்கள்.

நான் வியாபாரி. சாமியை எடு என்றும் சொல்ல மனம் வரவில்லை, ஆர்டரை விடவும் மனம் வரவில்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

"யாரு கேட்டாலும் பைரவர்னு சொல்லிரு. அங்கிட்டும் நாயி, இங்கிட்டும் நாயி. ஒரு பய கேக்க மாட்டான்."

நானே பொம்மைக்கு விபூதி பூசினேன். கண்ணாடியில் 'ஸ்ரீ பைரவர் துணை' என்று ஸ்டிக்கரும் ஒட்டினேன்.

கருப்பையா சண்டை போடவில்லை. "பைரவர் பெரிய சாமிண்ணே, அவரையும் கும்பிடுறேன். ஆனா இவரு வேற ஆளு. பேர மாத்திக் கூப்பிட்டா எப்படித் திரும்பிப் பாப்பாரு?"

"யாவாரம் நடந்தாத்தாண்டா நீயும் ஒன் சாமியும் டீ குடிக்க முடியும்" என்றேன்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் பேசியதில்லை. போன ஆடியில் வண்டியைக் கழுவிக்கொண்டே ஒன்று மட்டும் கேட்டான். அவன் சம்சாரமும் அப்போது பக்கத்தில் இருந்தது.

"நான் போனா இவர என் நெஞ்சுல வச்சு அனுப்பிருங்கண்ணே. பேரச் சொல்லி வையிங்க."

சரி என்றேன்.

திங்கட்கிழமை எங்கள் பெட்டியில்தான் அவனை வைத்தோம். தூக்குகிற நேரம், வண்டியிலிருந்து எடுத்து என் சட்டைப் பையில் வைத்திருந்த சாமியை அவன் நெஞ்சில் வைத்தேன். சுற்றி ஊரே நின்றது... எல்லாரும் என் கஸ்டமர்தான்.

அவன் அண்ணன் கேட்டார், "என்னங்க அது?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "பைரவருங்க. வண்டில இருந்தது."

"பைரவரையா? சாமியக் கொண்டாந்து பொணத்து மேல வைக்கிறீங்க? தீட்டுங்க. எடுங்க மொதல்ல."

அவர் சொன்னதில் தப்பில்லை. பைரவர் என்றால் அப்படித்தான்.

இது செத்தவர்களுக்கென்றே இருக்கிற சாமி, இவனே கேட்டுக்கொண்டது என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பாரோ என்னவோ. சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், இத்தனை வருஷம் பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

அவன் சம்சாரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் சொல்வேன் என்று நினைத்திருக்கும்.

எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

எல்லார் காதிலும் அவன் சொன்ன அந்த வார்த்தைகளை அவன் காதில் யாரும் சொல்லவில்லை. நான்கூட.

இன்று காலை விபூதியைத் துடைத்தேன். ஸ்டிக்கரைப் பிளேடால் சுரண்டினேன். கோந்துக் கறை போகவில்லை. மத்தியானம் ஜெகதாப்பட்டினத்துக்கு ஒரு பெட்டி போக வேண்டும், வேறு ஆள் இல்லை, நான்தான் ஓட்டுகிறேன்.

வண்டியில் இருப்பவர் பைரவர் இல்லை. அனுபிஸ். யார் கேட்டாலும் இனி அதுதான்.

முதல் டீ வைத்திருக்கிறேன் கருப்பையா... அவர் இங்கேயே இருக்கிறார்.

பாத்துப் போப்பா.