சவரிமுத்து அண்ணன் கேட்ட அரை மணித்தியாலம்

மாத்தளை பஸ் நிலையத்தில் இரத்தோட்டை பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது ஸ்டெல்லாவின் அழைப்பு வந்தது. “மிஸி, அப்பா போயிட்டாருங்க. காலையில டீ குடிச்சிட்டு உக்காந்திருந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாரு.” வந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை. அதற்கடுத்ததிலும் ஏறவில்லை. நடத்துனர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது.

உங்களில் பலருக்கு அவர் பலாபத்வலையில் ரேடியோ திருத்திய சவரிமுத்து. எனக்கு அவர் இரத்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையின் டைனமோவைப் பார்த்துக்கொண்ட எலக்ட்ரிசியன். எண்பதுகளில் நான் அங்கே டிஸ்பென்சரியில் தாதியாக இருந்தேன். ஏறக்குறைய ஒரே வயதுதான் என்றாலும் அவரை அண்ணன் என்றே அழைத்தேன். தோட்டத்தில் தாதியை அழைப்பதுபோல், அவர் கடைசிவரை என்னை ‘மிஸி’ என்றார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், ஊரிலிருந்து கொண்டுபோன சிறிய ரேடியோவின் அடப்டரை டிஸ்பென்சரிச் சுவரில் செருகினேன். இரண்டே நொடியில் கருகிய நாற்றம். ஆள் அனுப்பியதும் வந்தார். திட்டவில்லை.

“மிஸி, ஊர்ல உள்ளது முன்னும் பின்னும் ஆடுற கரண்ட். ஆடினாத்தான் இந்த டப்பா அதைக் குறைச்சுக் குடுக்கும். நம்ம டைனமோ குடுக்கிறது ஒரே பக்கமா போற கரண்ட். இருநூத்தி இருபது வோல்ட். இதுக்குக் குறைக்கத் தெரியாது, எரியத்தான் தெரியும்.”

மறுநாள் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் பெட்டரியோடு வந்தார். லைனுக்கும் பெட்டரிக்கும் நடுவில் ஒரு பல்பை மாட்டினார். பல்பு எரிய எரிய பெட்டரி மெதுவாக நிரம்பும். நிரம்பியதும் லைனிலிருந்து முழுவதுமாகக் கழற்றிவிட்டு, பெட்டரியில் ரேடியோவைக் கொடுக்க வேண்டும். “ரெண்டையும் ஒண்ணா வச்சிராதீங்க. சுவரோட உள்ள சகவாசத்தை விட்ட பிறகுதான் பாட்டு” என்றார். அந்த ஆறு வோல்ட் பெட்டரியில் நான் மூன்று வருடம் செய்தி கேட்டேன்.

அவ்வருடங்களின் செய்தி எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தேடுதலில் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் அவருடைய அறைக்குள் பொலிஸார் நுழைந்தார்கள். ஒரு தகரப் பெட்டியில் வயர்கள், பழைய ரேடியோக்களின் உள்ளுறுப்புகள், ஓடாத அலாரம் மணிக்கூடு ஒன்று. தமிழன் வீட்டில் மணிக்கூடும் வயரும் ஒன்றாக இருந்தது, குண்டு செய்கிறார் என்று பிடித்துப்போகப் போதுமானதாக இருந்தது. பதினொரு நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது இடது கையின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. மருந்து கட்டும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: “அவங்களுக்கு வயரைக் கண்டா பயம், எனக்கு அவங்களைக் கண்டா பயம். ரெண்டு பயத்தையும் ஒரே ரூமுக்குள்ள வச்சிப் பூட்டிட்டாங்க மிஸி.” பெட்டி திரும்பி வரவே இல்லை.

அதற்கடுத்த மழைக்காலத்தில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் விடியற்காலை கீழ் லயத்தின் மேல் மலை இறங்கியது. நாலு வீடுகள் மண்ணுக்குள். பாதை இல்லை, தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டது. தோட்டத்து மேலாளரான துரையின் ஜீப்பும் லொறியும் முதல்நாளே இரத்தோட்டையில் அகப்பட்டுக்கொண்டன. ஆண்களும் பெண்களும் மண்வெட்டியாலும் கையாலும் தோண்டினார்கள். டைனமோவைச் சுழற்றும் தண்ணீர் வரும் வாய்க்காலில் அடைத்திருந்த சேற்றை ஆட்களை வைத்து அள்ளி, சவரிமுத்து அண்ணன் எப்படியோ டைனமோவை ஓட வைத்தார். அந்த வெளிச்சத்தில், தொழிற்சாலைத் தரையில் காயப்பட்டவர்களைக் கிடத்தி நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

காலை ஒன்பது மணி இருக்கும். சந்தியிலிருந்த காவற்சாவடியின் சார்ஜன் நனைந்தபடி உள்ளே வந்தார். கையில் பொலிஸ் வயர்லெஸ் செட். பின்னால் ஒரு கான்ஸ்டபிள், தோளில் லொறி பெட்டரி அளவில் அந்த செட்டின் பெட்டரி. சாவடிக்கு ஊர் மின்சாரம் நின்று மூன்று நாள், பெட்டரி செத்துவிட்டது. என் ரேடியோ பெட்டரி அந்த செட்டுக்குப் போதாது. அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனவர்களில் இந்தச் சார்ஜனும் ஒருவர். இருவரும் இயந்திர அறை வாசலில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“முத்து, கரண்ட் தா. இப்பவே” என்றார் சார்ஜன் அரைகுறைத் தமிழில்.

“பெட்டரி கொஞ்சம் நிரம்ப அரை மணித்தியாலம் வேணும் சேர்.”

“ஆள் மண்ணுக்குள்ள!”

“தெரியும் சேர். அதுல என் தங்கச்சியும் அவ புள்ளையும் இருக்காங்க.”

அண்ணன் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “பெட்டரி இல்லாம, பல்பை மட்டும் நடுவுல வச்சு லைன்லயிருந்து நேரா குடுத்தா இப்பவே பேசலாம். பேசும்போது செட்டு கரண்டைக் குடிக்கும். பேச்சை நிப்பாட்டி பட்டனை விட்டா குடிக்காது. அப்ப முழு இருநூத்தி இருபதும் அதுக்குள்ள வந்து நிக்கும். ஈரக் கையோட நீங்க பிடிச்சிருப்பீங்க. செட்டும் போயிரும், நீங்களும் போயிருவீங்க. அப்புறம் யாரு பேசுவா?”

தொழிற்சாலையின் பல்புகளைக் கழற்றிப் பதினொன்றைப் பக்கம் பக்கமாக, இணையாக மாட்டினார். காலையில் தானே ஒட்டுப்போட்ட லைனின் எந்த முனை பிளஸ் என்பதில் அவருக்கு நிச்சயம் இல்லை. உப்புத் தண்ணீர்க் கிளாசில் பல்பின் வழியாக இரு முனைகளையும் விட்டு, அதிகமாய் நுரைத்ததை மைனஸ் என்று குறித்தார். பிறகு அந்தப் பல்புகள் வழியாகப் பெட்டரியில் கொடுத்தார். பதினொரு பல்பும் எரிந்தன. தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சார்ஜனிடம் நீட்டினார். “நீங்களே பாருங்க சேர்.”

சிறிது நேரத்தில் அவருடைய தங்கை லூர்துவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் நாடி பார்த்தேன். உடல் குளிர்ந்து விறைத்திருந்தது. விடிகாலையிலேயே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். இயந்திர அறைக்கு மூன்றடி தூரம். போய் வாசலில் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், தெரிந்துகொண்டார்.

“புள்ள?” என்றார்.

“இன்னும் கிடைக்கல அண்ணே.”

அவர் சார்ஜன் பக்கம் திரும்பினார். “எத்தனை நிமிஷம் சேர்?”

“எட்டு இருக்கு” என்றார் சார்ஜன். பிறகு, “முத்து, போதும், நீ போ” என்றார். அண்ணன் தலையை அசைத்து மறுத்தார். எட்டு நிமிடமும் பெட்டரியின் மேல் கையை வைத்தபடி நின்றார். நேரமானதும் இரு வயர்களையும் லைனிலிருந்து கழற்றி, வெறும் முனைகளைச் சார்ஜனுக்குத் தூக்கிக் காட்டிவிட்டு, செட்டைப் பெட்டரியில் மாட்டினார். முதலில் இரைச்சல் மட்டும். மூன்றாம் தடவை ஒரு மனிதக் குரல் பதில் சொன்னது. அதன் பிறகுதான் அவர் தங்கையிடம் போனார்.

மதியத்துக்குப் பின் கீழேயிருந்து ஒரு டொக்டரும் ஐம்பது அறுபது ஆட்களும் கடப்பாரைகளோடு நடந்தே வந்து சேர்ந்தார்கள். கால் நசுங்கிய இருவர் பிழைத்தார்கள். பொழுது சாய்வதற்குள், கவிழ்ந்த கட்டிலுக்கடியிலிருந்து லூர்துவின் இரண்டு வயது மகளை, கை முறிந்தபடி, உயிரோடு எடுத்தார்கள். அந்தப் பிள்ளைதான் ஸ்டெல்லா. தகப்பன் முன்பே இறந்துபோன அவளுக்கு, அன்றிலிருந்து அண்ணன்தான் அப்பா.

போன வருடம் அவரைப் பார்க்கப் போனேன். ஸ்டெல்லாவின் பழுதான போன் சார்ஜரைப் பிளந்து மேசையில் வைத்திருந்தார். கண்கள் சிறுபிள்ளையினது போல் விரிந்திருந்தன. “மிஸி, இதுக்குள்ள என்ன இருக்கு தெரியுமா? ஊர் கரண்டை முதல்ல நம்ம டைனமோ மாதிரி ஒரே பக்கமா ஆக்குறான். முந்நூறு வோல்ட்டுக்கு மேல! அப்புறம் அதைக் கண்ணிமைக்கிறதுக்குள்ள ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி ஆட வச்சு, அஞ்சு வோல்ட்டா இறக்கிடுறான். என்னா மூளை!” தன்னால் முடியாததை வேறொருவர் செய்துவிட்டதில் அத்தனை சந்தோஷம் அவருக்கு.

அன்றுதான் இத்தனை காலமாகக் கேட்காததைக் கேட்டேன். “அந்தச் சார்ஜன் மேல கோபமே வரலியா அண்ணே?”

மடங்காத விரல்களைத் தடவிக்கொண்டார். “ஏன் வராது? கோபத்தோட வேலை செஞ்சா பிளஸ் மைனஸ் மாறிப்போயிரும் மிஸி. அதனால அதை வாசல்ல வச்சிட்டு உள்ளுக்குப் போனேன். வேலை முடிஞ்சு வெளியில வரும்போது எடுத்துக்கிட்டேன்.”

அவர் மன்னித்தார் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அவர் மன்னிக்கவில்லை. மன்னிக்காமலேயே அந்த மனிதனின் உயிரைக் காத்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதை மட்டும்தான். பிறகு ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்த காலமெல்லாம் நானும் முயன்றிருக்கிறேன். ஒரு தடவைகூட அவரளவு முடிந்ததில்லை. இன்னும் முயல்கிறேன், அண்ணே.