தேவகிருபையின் இடது கண்

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில், செக்கிங் பிரிவில் இருக்கிறார் தேவகிருபை. வயது ஐம்பத்தொன்று. சிரிப்பதற்கே யோசிக்கிற ஆள். அப்படிப்பட்டவர் போன ஆவணியில் சூப்பர்வைசர் பால்சாமியைப் பார்த்துக் கண்ணடிக்கத் தொடங்கினார்.

உண்மையில் அவர் கண்ணடிக்கவில்லை. இடது இமை தானாக விழுந்தது. காலையில் ஒன்றும் இருக்காது, மூன்று மணிக்கு மேல் பாதி மூடிக்கொள்ளும். பால்சாமிக்கு இது தெரியாது. நாலாம் நாள் மீசைக்கு மை பூசி வந்தார். ஆறாம் நாள் சென்ட் அடித்து வந்தார். எட்டாம் நாள் பயம் வந்துவிட்டது. மேசைப்பக்கம் வந்து கைகூப்பினார்.

"எக்கா, நான் புள்ளகுட்டிக்காரன். வேண்டாங்க்கா."

"எது வேண்டாம்?"

"இந்தக் கண்ணு."

"ஏலே! கண்ணத் தொறக்க முடியாம நானே தவிச்சுக்கிட்டு இருக்கேன். ஒனக்கு நான் கண்ணடிக்கேனா?"

பிரிவே சிரித்தது. முகம் கறுத்துப்போன பால்சாமி, அன்றைக்கே அவருக்கு லீவு எழுதிக்கொடுத்து டாக்டரிடம் போகச் சொன்னார்.

மறுநாள் நாத்தனார் ஸ்வீட்லினைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனார் தேவகிருபை. நரம்பு டாக்டரம்மா ஐஸ்கட்டியைக் கையுறைக்குள் போட்டு இமைமேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்ததும் கண் பளிச்சென்று திறந்தது.

"மதினி, இது நம்மூரு சர்பத் கடையிலயே முடிஞ்சிருக்கும். இதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்?" என்றார் ஸ்வீட்லின்.

செத்த நேரத்தில் இமை மறுபடி இறங்கியது. ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாளில் முடிவு வந்தது.

"நோயை எதிர்க்க வேண்டிய ஆன்டிபாடி, நரம்பும் தசையும் சேருற இடத்தையே தாக்குது. மயஸ்தீனியான்னு பேரு. ரத்தத்துல அந்த ஆன்டிபாடி அளவு பாயிண்ட் அஞ்சுக்குள்ள இருக்கணும். உங்களுக்குப் பதினாலு இருக்கு" என்றார் டாக்டர்.

மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் கண் சரியானது. ஆனால் அந்தப் பதினாலு தேவகிருபையைத் தூங்கவிடவில்லை. மூன்று மாதம் கழித்து, வற்புறுத்தி மறுபடி ரத்தம் கொடுத்தார். இந்தத் தடவை பதினாறு.

"நல்லாத்தான இருக்கேன் டாக்டர்! இது எப்படி ஏறுச்சு?" என்று அழுதேவிட்டார்.

"நோய் இருக்கான்னு கண்டுபிடிக்கத்தாம்மா அது உதவும். எவ்வளவு கஷ்டம்னு அதை வச்சுச் சொல்ல முடியாது. நம்பர் கூடினாலும் ஆளு நல்லா இருக்கலாம். நான் உங்க கண்ணப் பாக்குறேன், நீங்க காகிதத்தப் பாக்காதீங்க."

இந்தத் தடவையும் கூட வந்திருந்த ஸ்வீட்லின் சட்டென்று முன்னால் நகர்ந்தார். "எனக்கு சுகரு முன்னூறு டாக்டர். அதையும் பாக்க வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"முன்னூறா? அது வேற. அத அவசியம் பாக்கணும்" என்று அவருக்கும் ஒரு சீட்டு எழுதினார் டாக்டர்.

திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நின்றது. தேவகிருபை இறங்கி கால் கிலோ பால்கோவா வாங்கி வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகத் தின்றார். ராஜபாளையம் வரும்வரை ஸ்வீட்லின் சுகர் சீட்டால் விசிறிக்கொண்டு, பால்கோவாவையே பார்த்தபடி வந்தார்.