தவ்வையை வாசலுக்கு நேரே வைத்த நாள்

செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் உள்ள சின்ன அருங்காட்சியகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், கூரை ஒழுகுகிறது என்று மூன்று மாதம் மூடினார்கள். சிலைகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றி, சாக்குப் போட்டு மூடினோம். கூரை சரியானதும், பழையபடி வைக்காமல் எல்லாவற்றையும் புதிதாக அடுக்கலாம் என்றார் காப்பாட்சியர் அம்மா. எது எங்கே என்று தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டதும், பெயர்ப்பலகைகளைத் தமிழில் எழுதியதும் நான்தான்.

சிலைகளைத் தூக்க வந்த ஐந்து பேரில் என் நைனாவும் ஒருவர். கல்குவாரியிலேயே காலம் தள்ளியவர். கயிற்றை எங்கே போட்டால் கல் சாயாது என்று பார்த்ததுமே சொல்லிவிடுவார். இரண்டு நாளில் நடுகற்கள், துர்க்கை, விஷ்ணு எல்லாம் ஒரு கீறல் இல்லாமல் உள்ளே போய்விட்டன. மற்றவர்கள் முன்னால் அவரும், பெற்ற மகளான என்னை, ‘மேடம்’ என்றே கூப்பிட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

மூன்றாம் நாள் தவ்வையின் முறை. பெருத்த வயிற்றோடு கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண். ஒரு பக்கம் மாட்டு முகத்தோடு மகன், மறுபக்கம் மகள், மேலே காக்கைக் கொடி. இத்தனை காலம் கழிப்பறைக்குப் போகும் வழியில் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். இப்போது அவளுக்கு வாசலுக்கு நேர் எதிரே இடம்.

நைனா கயிற்றைக் கீழே போட்டார்.

“இது மூதேவியாச்சே. வாசலுக்கு நேரா யாராவது வைப்பாங்களா? நான் தொடமாட்டேன்.”

மற்ற நால்வரும் ஒதுங்கிக்கொண்டார்கள். “வேணாம்னா ஓரமாவே வெச்சிடலாம்” என்றார் காப்பாட்சியர் அம்மா. எனக்கு மனசு கேட்கவில்லை. லேட்டாக எழுந்தால், கணக்கில் மார்க் குறைந்தால், பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று போனால், வீட்டில் எனக்கு விழுந்த பெயரும் மூதேவிதான். எழுதி வைத்திருந்த பலகையை எடுத்து வந்து உரக்கப் படித்தேன். பல்லவர் காலத்தில் ஊர் ஊராக இவளைக் கும்பிட்டார்கள், பிள்ளைப் பேற்றுக்கும் விளைச்சலுக்கும் வேண்டிக்கொண்டார்கள் என்று.

“அப்புறம் இவ பேரை யார் கெடுத்தது?” என்றார் நைனா.

“தெரியல நைனா. சொல்லிச் சொல்லியே கெட்டுப்போச்சு.”

மேடம், கூலியாள் எல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் மறந்துபோனது. நைனா குனிந்து கயிற்றை எடுத்தார்.

“உன்னையும் அப்படித்தானே திட்டினேன்” என்றார், என்னைப் பார்க்காமல்.

“ஆமா.”

சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “ரெண்டு புள்ளைங்களையும் பக்கத்துல வெச்சிக்கினு குந்தினு இருக்குது. இது யாரை இன்னா பண்ணிச்சு?” துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டினார். “வயித்துல கயிறு போடாதீங்கப்பா. முட்டிக்குக் கீழ போடுங்க, அடிதான் கனம்.”

பீடத்தில் அவளை இறக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. வாசல் வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தபோதுதான் அவள் லேசாகச் சிரிப்பது எங்களுக்குத் தெரிந்தது.

திறந்த பிறகு வந்த அமாவாசையன்று, மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் கொஞ்சம் பேர் இங்கேயும் இறங்கினார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண் தவ்வையின் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தொடக்கூடாது என்று சொல்ல வேண்டியது என் வேலை. சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு நைனா இஸ்திரி போட்ட சட்டையோடு என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா பலகையை எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்து முடித்து, “இந்த எழுத்துல ஒரு கால் விட்டுப்போயிருக்குது பாரு” என்றாள்.

திங்கட்கிழமை புதுப் பலகை எழுதினேன்.