நான் எடுத்துவிட்ட பக்கம்

கொடைக்கானலில் நான் தமிழாசிரியையாக இருந்த பள்ளியில் மாணவர் இதழுக்கும் நானே பொறுப்பு. அதன் எடிட்டர் ஒரு பதினோராம் வகுப்பு மாணவி. வடகவுஞ்சி என்ற மலைக்கிராமத்துப் பெண், விடுதியில் தங்கிப் படித்தாள். ஒல்லியான உடம்பு, குளிரில் வெடித்த கன்னம். பிழை திருத்தும்போது ஒவ்வொரு வரியையும் முணுமுணுத்து வாசிப்பாள். சந்தேகம் வந்தால் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அகராதியைத் தேடிப் போவாள்.

ஆண்டு இதழுக்கு அவள் எழுதிய கட்டுரை, விடுதிக் குளியலறைகளுக்குத் தாழ்ப்பாள் இல்லாததைப் பற்றியது. ஒருத்தி குளித்து முடிக்கும்வரை இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அப்படியே எழுதியிருந்தாள். தலைமையாசிரியை வேண்டாம் என்றார். நான் வாதாடவில்லை. அந்தப் பக்கத்தில் விளையாட்டு விழாப் படங்களைப் போட்டேன்.

"இதுல என்ன தப்புங்க மிஸ்?" என்று கேட்டாள்.

"தப்பு ஒண்ணுமில்லம்மா. யாராச்சும் இந்தப் பக்கத்த போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல விட்டா ஸ்கூல் பேரு கெட்டுரும்னு எச்.எம். பயப்படுறாங்க."

"அப்ப எம் பேரையும் எடுத்துருங்க மிஸ்," என்றாள். குரல் உயரவே இல்லை.

இதழ் வந்த மறுவாரமே எல்லாக் கதவுகளுக்கும் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். ஓடிப்போய் அவளிடம் சொன்னேன்.

"பாத்தேங்க மிஸ். பிள்ளைகளுக்கெல்லாம் சந்தோசம்," என்றாள். ஆனால் இதழ்க் குழுவுக்கு அவள் திரும்பவில்லை.

பள்ளிப் படிப்பு முடியும்வரை தினமும் எனக்கு வணக்கம் சொன்னாள். ஒருநாளாவது முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால், அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.